கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை மட்டும்தான் காரணமா? அம்மாவின் பி12 அளவு பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: காங்கயம் மகள்

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்திற்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், எங்கள் தோட்டத்து வீட்டில் என் அம்மா தனியாக இருக்கிறார். வயது 59. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்வதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊருக்குப் போய்வர முடிகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 10 ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் போட்டுக்கொள்கிறார்.

ஓராண்டுக்கும் மேலாக, பாதங்களில் எறும்பு ஊர்வதைப் போல இருக்கிறது என்று சொல்லிவந்தார். காட்டிய இடங்களில் எல்லாம் "சர்க்கரை நரம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று கூறி நரம்புக்கென்று மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். ஆனால் சென்ற மாதம் விடியற்காலையில் எருமைக்குத் தீவனம் போடக் கட்டுத்தரைக்குப் போனவர், ஒரு காலின் செருப்பு வழியிலேயே கழன்று விழுந்ததை அறியாமல் போய்த் திரும்பியிருக்கிறார். திண்ணையில் ரத்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான் காலில் கல் கிழித்திருப்பது அவருக்குத் தெரிந்தது. முகம் கழுவும்போது கண்ணை மூடினால் ஆள் தள்ளாடுகிறார் என்பதையும், அதனால் இப்போதெல்லாம் ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டே முகம் கழுவுகிறார் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். நாக்கு செக்கச்செவேலென்று வழவழப்பாக இருக்கிறது. கொள்ளு ரசம்கூட எரிகிறது என்று ஒதுக்குகிறார். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர் கேனை அங்கேயே வைத்துவிட்டு வந்தது ஒரே வாரத்தில் இரண்டு முறை நடந்திருக்கிறது.

பயந்துபோய் ரத்தச் சோதனை எடுத்தோம். ஹீமோகுளோபின் 10.2. எம்.சி.வி. என்ற இடத்தில் 106. வைட்டமின் பி12 மில்லிலிட்டருக்கு 131 பிகோகிராம். வைட்டமின் டி 12 நானோகிராம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.1. சிறுநீரகம் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறது. பக்கத்து ஊரில் உள்ள ஒரு மருத்துவரிடம் காட்டினோம். சர்க்கரைக்கு இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டும் என்றார். "சத்து ஊசி" என்று சொல்லி சிவப்பு நிறத்தில் ஊசி போடத் தொடங்கினார். அது என்ன ஊசி, எத்தனை, எவ்வளவு நாளைக்கு என்று எதுவும் எழுதித் தரவில்லை. மூன்று போட்டபின், இடுப்பில் வலிக்கிறது என்று அம்மா நிறுத்திவிட்டார்.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் மாமா, மெட்ஃபார்மின்தான் சத்தை உறிஞ்சுகிறது, அதை நிறுத்திவிடு என்கிறார். பக்கத்துத் தோட்டத்து அத்தை, சத்தான சாப்பாடு போதும், ஊசி எதற்கு என்கிறார். அம்மா 12 ஆண்டுகளுக்கு முன் பழனிக்கு வேண்டிக்கொண்டு கறி, முட்டை இரண்டையும் விட்டவர். எருமை இரண்டு இருந்தும் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விடும். அவர் குடிப்பது வரக்காப்பி. நெஞ்செரிச்சலுக்கு வெறும் வயிற்றில் போடும் பேன்டோபிரசோல் மாத்திரையை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி நான்கு ஆண்டுகளாகப் போடுகிறார் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. ஊசி கட்டாயமா, மாத்திரை போதுமா, இதற்கு எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், கோபி

அம்மிணி, நான் அரசு மருத்துவமனை மருந்தகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக, போட்ட ஊசியின் காலிப் பெட்டியையோ ரசீதையோ கேட்டு வாங்கிவிடுங்கள். பி12 மருந்தில் கோபால்ட் என்ற உலோகம் இருப்பதால்தான் அதற்கு அந்தச் சிவப்பு நிறம். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் தனி பி12 என்று கொள்ள முடியாது. பி1, பி6, நிகோடினமைடு எல்லாம் கலந்த ஊசிகளும் சிவப்பாகத்தான் இருக்கும். இவற்றில் பி6 என்ற பைரிடாக்சினை அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே பாதங்களின் உணர்வு நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கென்று அம்மா ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்கிறீர்கள். அந்த அட்டையின் பின்புறத்தையும் படித்துப் பாருங்கள். ஒரே சத்தை இரண்டு பெயரில் விழுங்குவோரை என் பணிக்காலத்தில் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்.

பரிசோதனைத் தாளைப் பொறுத்தவரை, எம்.சி.வி. என்பது சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இருப்பது வழக்கம். அம்மாவுக்கு 106 என்றால் அணுக்கள் பெருத்திருக்கின்றன. இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்தால் அணு சிறுத்திருக்கும். பி12 அல்லது ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் குறைந்தால் பெருக்கும். இரும்பும் பி12-உம் ஒன்றாகக் குறைந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி அளவு சரியாக இருப்பதைப்போல ஏமாற்றும் என்பதால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையையும் எடுக்கச் சொல்லுங்கள். பி12 அளவு 200-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்றே பொதுவாகக் கொள்வார்கள். 131 என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ரத்தம் இல்லாதவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் வாங்கிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? 1926-இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், அதுவரை உயிரைக் குடித்துக்கொண்டிருந்த ஒருவகைச் சோகைக்குத் தினமும் ஏறத்தாழ கால் கிலோ ஈரலைச் சாப்பிடக் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். 1934-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஈரலில் இருந்த பொருள் பி12 என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வேண்டுதலை மீறச் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

பதில்: தறிக்காரர், சோமனூர்

பி12 பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் அம்மாவின் வைட்டமின் டி 12 என்று படித்தவுடன் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

விசைத்தறிக் குடோனுக்குள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் நிற்பவன் நான். வெயில் என்பது டீ குடிக்க வெளியே வரும்போது கண்ணைக் கூசச் செய்வது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பு, முட்டி, தொடை எல்லாம் வலித்துச் சோதித்ததில் டி அளவு 9 என்று வந்தது. மருத்துவர் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்திற்கு எழுதினார். மருந்துக்கடையில் கொடுத்தவர் உறையின்மேல் "தினம் 1" என்று கிறுக்கிவிட்டார். நானும் அதையே பார்த்துத் தினமும் போட்டேன். எட்டு தீர்ந்ததும், வலி குறைந்ததைப்போல இருந்ததால், சீட்டைக் காட்டி இன்னும் 16 வாங்கினேன். ஆக 24 நாளில் 24 மாத்திரை.

நான்காவது வாரத்தில் தாகம் அடங்கவே இல்லை. ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்தேன். பிறகு மலச்சிக்கல், வாந்தி, தலை கிறுகிறுப்பு. என் மனைவி சர்க்கரை வந்துவிட்டது என்று நினைத்து அழுதுவிட்டாள். மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தத்தில் கால்சியம் 13-ஐத் தாண்டியிருந்தது. அது பத்தரைக்குள் இருக்க வேண்டியது. ஐந்து நாள் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது என் நல்ல நேரம் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். 60,000 என்று எழுதியிருந்தால் அது வாரத்திற்கா, மாதத்திற்கா என்று மருத்துவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு, வீட்டுக் காலண்டரில் அந்தக் கிழமையை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். எண்ணெயோ நெய்யோ கலந்த சாப்பாட்டுக்குப் பின் போடுவது நல்லது என்று எனக்குச் சொன்னார்கள். இன்னொன்று: காலை ஆறு மணி இளவெயிலில் நிற்பதை நானும் பெரிய வைத்தியமாகச் செய்துகொண்டிருந்தேன். தோலில் டி உண்டாக்கும் கதிர் அந்த நேரத்து வெயிலில் மிகக் குறைவாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயில்தான் அதற்கு வேலை செய்யும் என்றார்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பயனில்லை.

பதில்: பொது மருத்துவர், கோவை

நேரில் பார்க்காமல் மருந்தும் அளவும் சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு செய்தி மிக முக்கியமானது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கண்ணை மூடினால் தள்ளாடுவதுதான் அது. நம் கால் எங்கே இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்பு இழைகள் தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மேலே ஏறுகின்றன. அவை பழுதுபட்டால், கண் திறந்திருக்கும் வரை பார்வையின் உதவியால் நிற்கிற மனிதர், முகத்தில் தண்ணீரை ஊற்றிக் கண்ணை மூடிய கணத்தில் சாய்கிறார். நீண்ட காலச் சர்க்கரையும் இதைச் செய்யக்கூடும்தான். ஆனால் பி12 131 ஆக இருக்கும் ஒருவருக்கு நாக்கு வழுக்கி, மறதி வந்து, அணுக்கள் பெருத்து, கூடவே இதுவும் இருக்குமானால், பழியைச் சர்க்கரையின் தலையில் மட்டும் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. தண்டுவடப் பழுதைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் ஒரு பகுதி மீளாமலே நின்றுவிடும். அடுத்த ஞாயிறு வரை காத்திராமல் இந்த வாரமே ஒரு பொது மருத்துவ நிபுணரிடமோ நரம்பியல் நிபுணரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை உங்கள் பதிவிலேயே கிடக்கிறது. உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். பிரிந்த பி12-ஐக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, இரைப்பைச் சுவரே ஒரு துணைப்புரதத்தைச் சுரக்கிறது. அந்தத் துணையோடு சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் அது ரத்தத்தில் சேரும். அம்மா கறி, முட்டையை விட்டார், பாலையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பி குடித்தார், வரவே குறைந்தது. வந்த சிறிதையும் பிரித்தெடுக்க வேண்டிய அமிலத்தைப் பேன்டோபிரசோல் நான்கு ஆண்டுகளாக அடக்கிவைத்தது. மிஞ்சியதைக் குடலின் கடைவாயில் உறிஞ்சுவதை மெட்ஃபார்மின் தடுத்தது. அதிக அளவிலும் நீண்ட காலமும் மெட்ஃபார்மின் எடுப்போருக்கு இந்தக் குறை வருவது நன்கு அறியப்பட்டதுதான். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022-இல் இதைக் குறித்து மருத்துவர்களுக்குத் தனியாக அறிவுறுத்தியது. கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருக்கும் என்பதால்தான், 12 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய குறை இப்போது வெளியே தெரிகிறது.

அதற்காக மாமா சொல்வதைக் கேட்டு மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் அதுவும் நரம்பைத்தான் தின்னும். அந்த மருந்தைத் தொடர்ந்துகொண்டே பி12-ஐ ஈடுசெய்ய முடியும். நிறுத்தலாமா என்று கேட்க வேண்டியது பேன்டோபிரசோலைப் பற்றித்தான். அதையும் மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். திடீரென்று விட்டால் சிலருக்கு நெஞ்செரிச்சல் முன்னைவிடக் கூடுதலாகக் கிளம்பும்.

ஊசியா மாத்திரையா என்றால், நாளொன்றுக்கு 1000 மைக்ரோகிராம் அளவுள்ள மாத்திரையில், துணைப்புரதம் இல்லாமலேயே நூற்றில் ஒரு பங்கு தானாக உள்ளே போய்விடும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதே இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். எனவே சாதாரணப் பற்றாக்குறைக்கு மாத்திரையே போதும். ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் முதலில் ஊசிதான். தொடக்கத்தில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் போடுவார்கள். மூன்றோடு நிறுத்துவது, தீப்பிடித்த வைக்கோல் போருக்கு மூன்று குடம் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதைப் போன்றது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.1 என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி12 குறைவால் சிவப்பணுக்களின் சராசரி வயது மாறும்போது இந்தச் சோதனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். புதிய சர்க்கரை மாத்திரையைச் சேர்க்கும் முன், வீட்டில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் சில நாள்கள் அளந்து எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால், சோகை சரியாகும் நேரத்தில் தாழ்சர்க்கரை வந்து கட்டுத்தரையில் விழுந்து கிடப்பார்.

பதில்: இயற்கை விவசாயி, அந்தியூர்

மருத்துவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அப்பாரு 88 வயது வரை இருந்தவர். கம்பங்கூழும் பழைய சோறும் முருங்கைக்கீரையும் கொள்ளும்தான் அவருடைய உணவு. ஒரு ஊசியும் போட்டதில்லை. அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிட்ட தலைமுறைக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி, ஆயுளுக்கும் ஊசி போட வைக்கும் வியாபாரத்துக்கு நம் மக்கள் பலியாகிறார்கள் என்பது என் கருத்து. பழைய சோற்றில் பி12 உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். சுருள்பாசித் (ஸ்பைருலினா) தூளையும் இந்த அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

பதில்: பொது மருத்துவர், கோவை

கோபம் ஏதும் இல்லை ஐயா; தேவையில்லாமல் சத்து ஊசி போடுவது நடக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் அப்பாரு குடித்த மோரையும் தயிரையும், நோம்புக்கு அடித்த கோழியையும் கணக்கில் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பி12-ஐ நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. அது விலங்குகளின் உடலில் சேர்ந்து பால், முட்டை, மீன், கறி வழியாக நமக்கு வருகிறது. கம்பிலும் கொள்ளிலும் முருங்கையிலும் நல்ல சத்துகள் பல உண்டு, பி12 இல்லை. பழைய சோற்றை நம்பி ஒரு பற்றாக்குறையைச் சரிசெய்ய முடியாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12-ஐப் போலத் தோற்றமளிக்கும், மனித உடலுக்குப் பயன்படாத வேறொரு பொருள்.

நீங்கள் சொன்ன கீரையில்தான் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். அணுக்கள் பெருத்துக் காணப்பட்ட அந்தச் சோகை ஈஸ்ட் சாற்றால் சரியானதை அவர் கண்டார். அதில் இருந்த மருந்துப்பொருளுக்குப் பின்னாளில் ஃபோலேட் என்று பெயர் வந்தது. கீரைகளில் இருப்பது அதுதான். ஃபோலேட்டைக் கூட்டினால் பி12 குறைந்தவருக்கும் ரத்தம் ஓரளவு தேறிவிடும். ஹீமோகுளோபின் ஏறும், முகத்தில் தெளிவு வரும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், பி12 ஊசியும் கூடவே ஓடட்டும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பதைத்தான் நாங்கள் தவிர்க்கிறோம்.

பதில்: கிராம சுகாதாரச் செவிலியர், தாராபுரம் பக்கம்

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான பிரிவு உண்டு. மருந்தும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்; தனியாக இருக்கும் அம்மாவின் பெயரை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நரம்புப் பரிசோதனைக்குப் பெருந்துறையில் உள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்குத் தொலைவில்லை. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

என் அனுபவத்தில் ஒன்று. நம் பெண்கள் மருத்துவரின் எதிரில் உட்கார்ந்ததும், "ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் அசதிங்க" என்பதோடு முடித்துவிடுவார்கள். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அசதியைப் பிறவிக்குணம் என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள். ஆகவே செருப்பு கழன்ற கதை, முகம் கழுவும் கதை, பால் கேன் கதை மூன்றையும் ஒரு தாளில் நீங்களே எழுதி எடுத்துச் செல்லுங்கள். போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் தாமாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு மேசைமேல் கொட்டிவிடுங்கள். அம்மா வாயால் சொல்லாததை அந்தப் பை சொல்லிவிடும்.

மீண்டும்: காங்கயம் மகள்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். கோவை மருத்துவர் எழுதியதைப் படித்த இரண்டாம் நாளே விடுப்புப் போட்டு அம்மாவைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். செவிலியர் அக்கா சொன்னபடி மஞ்சப்பையைக் கொட்டியதும், மருத்துவர் நரம்பு மாத்திரை அட்டைகள் இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். வேறுவேறு பெயர்கள், உள்ளே ஒரே மருந்து. ஒன்றை அப்போதே நிறுத்தச் சொன்னார்.

பிறகு ஒரு இசைக்கவையைத் தட்டி அம்மாவின் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு தெரிகிறதா?" என்று கேட்டார். அம்மா, "ஜில்லுன்னு இருக்குதுங்க" என்றார். அதிர்வு தெரியவில்லை. கணுக்காலிலும் தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோதுதான், "ஆமாங்க, வண்டு மாதிரி இருக்குதுங்க" என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது சாய்ந்தவரை நான்தான் பிடித்தேன். பி12 ஊசி தொடர்ந்து போட வேண்டும் என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்தார்கள். துணைப்புரதத்துக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. தைராய்டு சரியாக இருக்கிறது. ஃபெரிட்டினும் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை சேர்த்திருக்கிறார்கள்; அதை வரக்காப்பியோடு போடாமல் எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார்கள். வைட்டமின் டி வாரம் ஒன்று. தறிக்கார அண்ணா, காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை மட்டும் வட்டமிட்டிருக்கிறேன்.

வீட்டில் அளந்த சர்க்கரையைப் பார்த்துவிட்டுப் புதிய மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பேன்டோபிரசோலை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்து இப்போது நிறுத்தியாயிற்று.

நாக்கு எரிச்சல் பத்து நாளில் போய்விட்டது. சென்ற ஞாயிறு கொள்ளு ரசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். ஹீமோகுளோபின் 11.6. கால் அப்படியேதான் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஊரல் முன்பைவிட அதிகமாகக்கூட இருந்தது. ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம், முழுதும் திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அம்மா இந்தத் தடவை ஊசியை நிறுத்தவில்லை. கட்டுத்தரைக்குப் போகும் வழியில் ஒரு விளக்குப் போட்டு, பின்புறம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சொசைட்டிக்கு ஊற்றும் முன் அரை லிட்டர் பால் வீட்டில் நிற்கிறது. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் பி12 உண்டு என்று சொன்னதும், "இத்தனை நாளா மருந்தை ஊருக்கு ஊத்திட்டு இருந்திருக்கறேன் பாரு" என்று சிரித்தார்.

மருந்தாளுநர் ஐயா, முதலில் போட்ட மூன்று ஊசிகளின் பெட்டியைக் கேட்டு வாங்கிவிட்டேன். நீங்கள் நினைத்தபடியே பி1, பி6, பி12 கலந்ததுதான். பெட்டியைக் கேட்டதற்கு அங்கே கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் கொடுத்துவிட்டார்கள்.